வாக்ஓவர்னு எழுதினா போதுமா?

டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியா மூன்று முறை ஃபைனல் வரை போயிருக்கிறது. 1966-ல் ஆஸ்திரேலியாவிடம் 4-1, 1987-ல் ஸ்வீடனிடம் 5-0 என்று தோற்றோம். நடுவில் ஒன்று இருக்கு, 1974. அதுக்கு ஸ்கோரே கிடையாது. எதிரணி தென்னாப்பிரிக்கா. மேட்ச் நடக்கவே இல்லை, ஆனா கோப்பை அவங்களுக்குப் போச்சு. ரெக்கார்டுல இருக்கிறது ஒரே வார்த்தைதான்: வாக்ஓவர்.

இந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் நமக்கு பஞ்சாயத்து. Zonal மேட்ச் சீசன் வந்தா நம்ம காலேஜ்கள்லயும் இதே வார்த்தை ஓடும். "அவங்க வரல, வாக்ஓவர் போட்டாச்சு." ஏன் வரல, யார் வேண்டாம்னு சொன்னாங்க, ஆடத் தயாரா நின்ன பசங்களுக்கு என்ன ஆச்சு? எதுவும் பேப்பர்ல ஏறாது. என் கருத்து இதுதான்: ஆடாத ஆட்டத்துக்கு முடிவு எழுதியே ஆகணும்னா, அந்த முடிவை எடுத்தது யாரு, ஏன் எடுத்தாங்கன்னு சேர்த்து எழுதணும். இல்லேன்னா நாலு விதமான கதை ஒரே வார்த்தைக்குள்ள புதைஞ்சு போகும்.

முதல்ல 1974. அந்த வருஷம் இந்திய அணி சும்மா ஃபைனலுக்கு வரலை. கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று ஜெயித்தது. அந்தப் போட்டியில் ஆடிய மொத்த கேம்கள் மட்டும் 327. அப்புறம் புனேவில் சோவியத் யூனியனைத் தோற்கடித்தது. அணியில் சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்கள். அப்போ ஆனந்துக்கு வயசு 22. விஜய்க்கு 21 கூட முடியல, நம்ம ஃபைனல் இயர் பசங்க வயசு. அதுக்கு முந்தின வருஷம்தான் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி ஆடியிருந்தார்.

ஆனா தென்னாப்பிரிக்காவில் அப்போது நிறவெறி ஆட்சி. கறுப்பின மக்களுக்கும், அங்கே குடியேறியிருந்த நம்ம ஊர் ஆட்களுக்கும் ஓட்டுரிமை கிடையாது. 1946-லேயே அந்த நாட்டோட வியாபாரத்தை நிறுத்திய நாடு இந்தியா. அந்த நாட்டு அணியோட விளையாட மாட்டோம்னு அரசு சொன்னது. முடிந்தது. டேவிஸ் கோப்பை ஃபைனல் ஒன்று ஆடாமலே முடிவானது அந்த ஒரு முறைதான்.

"ஆடி ஜெயிச்சுக் காட்டியிருக்கலாமே" என்று இப்பவும் கேட்கிறவங்க உண்டு. நியாயமான கேள்விதான். ஆனா அந்த ஆட்சிக்குத் தேவைப்பட்டதே மத்த நாடுகள் தன்னோட சகஜமா கைகுலுக்குறதுதான். நாம ஜெயிச்சிருந்தாலும் அந்தக் கைகுலுக்கல் அவங்களுக்குக் கிடைச்சிருக்கும். ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருந்தது, ஆனாலும் எடுத்த முடிவு சரிதான் என்று விஜய் அமிர்தராஜே பின்னாளில் சொல்லியிருக்கார். இழந்தவரே அப்படிச் சொல்ல முடிஞ்சதுக்குக் காரணம், முடிவு எடுத்தது யார், ஏன் என்பது ஊருக்கே தெரிஞ்சிருந்தது. அவர் கொடுத்த விலைக்கு ஒரு அர்த்தம் இருந்தது.

அடுத்தது அமெரிக்கா, 2021. பேஸ்பால் நம்ம பக்கம் யாரும் பெருசா ஆடுறதில்ல, ஆனா இது நம்மளை மாதிரி காலேஜ் பசங்க கதை. ஒமாஹா நகரில் கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டி. வட கரோலினா மாநிலப் பல்கலை அணி முதல் ரெண்டு ஆட்டத்தையும் ஜெயித்தது. அதில் ஒன்று வான்டர்பில்ட் அணிக்கு எதிரா. ரெண்டு தோல்வி வந்தாத்தான் வெளியேறணும்ங்கிறது அந்தப் போட்டியோட விதி. ஜூன் 25 அன்று மறுபடியும் வான்டர்பில்ட். அதுக்குள்ள அணியில் கொரோனா புகுந்திருச்சு. ஆடத் தகுதியா இருந்தது 13 பேர்தான். அந்த 13 பேரை வச்சு ஆடி 3-1 என்று தோற்றாங்க. ஆளுக்கு ஒரு தோல்வி. மறுநாள் ஆடப்போற ஆட்டத்துல ஜெயிக்கிறவங்க ஃபைனலுக்குப் போகணும்.

அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல என்.சி.ஏ.ஏ. அமைப்பிடமிருந்து அறிவிப்பு வந்தது: ஆட்டம் இல்லை, வான்டர்பில்ட் ஃபைனலுக்குப் போகுது. தொற்று பரவக்கூடாது என்ற காரணத்தை நான் குறை சொல்லல. உயிர் முக்கியம். தடுப்பூசி போடாதவங்களுக்குத்தான் வழக்கமான டெஸ்ட் என்ற விதியும் முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சண்டை வேற இடத்துல. அறிவிப்பில் பயன்படுத்திய வார்த்தை "நோ கான்டெஸ்ட்". அதாவது ஆட்டமே இல்லை, யாருக்கும் வெற்றி தோல்வி இல்லை. ஆனா ஒரு அணி மேலே போச்சு, இன்னொரு அணி வீட்டுக்குப் போச்சு. தோல்வின்னு சொல்லாம தோற்கடிச்ச மாதிரிதானே? நல்லா இருந்த பசங்களும் பெட்டியைக் கட்டினாங்க. ஃபைனலில் வான்டர்பில்ட்டை மிசிசிப்பி மாநிலப் பல்கலை அணி ஜெயித்தது. யார் சாம்பியன்ங்கிறது முடிஞ்சு போச்சு, அந்த வார்த்தை சரியாங்கிற கேள்வி முடியல.

மூணாவது கதை நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது. அதே 2021, செப்டம்பர் 10, மான்செஸ்டர். இந்தியா 2-1 என்று முன்னிலை. இந்திய அணியின் பயிற்சிக் குழுவில் கொரோனா. டாஸ் போட ரெண்டு மணி நேரம் இருக்கும்போது அஞ்சாவது டெஸ்ட் ரத்து. இங்கிலாந்து வாரியம் முதலில் வெளியிட்ட அறிக்கையில் இந்தியா ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததுன்னு பொருள் வர்ற வார்த்தை இருந்தது. கொஞ்ச நேரத்துல அதைத் தூக்கிட்டாங்க. விட்டுக்கொடுத்ததா எழுதினா தொடர் 2-2. ரத்துன்னு எழுதினா 2-1. ஒரு வார்த்தையில தொடரே மாறும். கடைசியில ரெண்டு வாரியமும் உட்கார்ந்து பேசி, 2022 ஜூலையில் பர்மிங்காமில் அந்த டெஸ்ட்டை ஆட வச்சாங்க. 378 ரன்னைத் துரத்தி இங்கிலாந்து ஜெயித்தது. தொடர் 2-2. நமக்கு வருத்தம்தான், ஆனா முடிவு மைதானத்துல வந்தது.

மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 1974-ல் முடிவு அரசோடது, இழந்தது வீரர்கள், ஆனா காரணம் வெளிச்சத்துல இருந்தது. ஒமாஹாவில் முடிவு ஒரு அமைப்போடது, இழந்தது பசங்க, அவங்களுக்குச் சொன்னது நடுராத்திரி. மான்செஸ்டரில் பணமும் பலமும் ரெண்டு பக்கமும் இருந்ததால ஒரு வருஷம் கழிச்சுக்கூட மறு தேதி கிடைச்சது. பலம் இருக்கிறவனுக்கு மறு தேதி, இல்லாதவனுக்கு வாக்ஓவர்.

இப்போ நம்ம கதைக்கு வரேன். திருவேங்கடம் மாதிரி ஊர்ல இருந்து ஒரு டீம் zonal ஆடப் போகணும்னா சங்கரன்கோவில் போய் பஸ் மாறி, அங்கிருந்து திருநெல்வேலி, அப்புறம் அங்கே இருக்கிற காலேஜுக்கு இன்னொரு பஸ். காலை முதல் மேட்ச்னா பொழுது விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். அதே நாள் இன்டர்னல் இருந்தா அஞ்சு பேருக்கு ஓ.டி. கிடைக்காது. பி.டி. சார் ஒருத்தரே எல்லா கேமுக்கும் அலைவார். ஒரு பஸ் லேட்டானா போதும், ஷீட்ல வாக்ஓவர்.

சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்கிறது இந்த மேட்ச்களைப் பார்த்துத்தான். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. Zonal சர்டிஃபிகேட் மட்டும் வச்சு அது கிடைக்காதுதான். ஆனா அந்தப் படிக்கட்டோட முதல் படி இங்கேதான் இருக்கு. முதல் படியிலேயே பஸ் லேட்டுன்னு ஒருத்தனை இறக்கிவிட்டா, அவன் எவ்வளவு நல்லா ஆடுவான்ங்கிறது யாருக்குமே தெரியாமப் போகும்.

நடத்துற காலேஜுக்கும் கஷ்டம் இருக்கு. கிரவுண்ட், அம்பயர், சாப்பாடு எல்லாம் ஒரு நாளுக்குன்னு ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. நேரத்துக்கு வந்த டீம் வெயிலில் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? அதனால வாக்ஓவரே கூடாதுன்னு நான் சொல்லல. நாலு விஷயம் மட்டும் கேட்கிறேன்.

ஒண்ணு, வாக்ஓவர் போடுறதுக்கு முன்னாடி வராத டீமோட கேப்டனுக்கு ஒரு ஃபோன், அரை மணி நேர அவகாசம். ரெண்டு, ஸ்கோர் ஷீட்ல காரணம் எழுதணும்: பஸ் வரல, பரீட்சை, உடம்பு சரியில்ல, இல்ல ஆட விருப்பமில்ல. மூணு, காரணம் டீமோட தப்பு இல்லேன்னா, அட்டவணையில் இடம் இருக்கிற வரைக்கும் ஒரு தடவை மேட்ச்சைத் தள்ளி வைக்கணும். நாலு, zonal தேதியும் இன்டர்னல் தேதியும் மோதாம இருக்க சீசனுக்கு முன்னாடியே பி.டி. சாரும் எக்ஸாம் செல்லும் ஒரு தடவை உட்கார்ந்து பேசணும். இதுல எதுக்கும் பெருசா பணம் தேவையில்ல.

நாமளும் செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. எதிர் டீம் வராம நாம அடுத்த ரவுண்டுக்குப் போனா, ஸ்டேட்டஸ்ல "ஜெயிச்சாச்சு"ன்னு போடாம, "அவங்க வர முடியல, அடுத்த ரவுண்டு போறோம்"னு போடுவோம். அடுத்த தடவை பஸ் கிடைக்காம நிக்கிறது நம்ம டீமாவும் இருக்கலாம்.