முகவரி எந்திரத்திற்கா, பணிக்கா?

எங்கள் ஆய்வகத்தில் நெடுநாள் உழைத்த சர்வர் ஒன்று அண்மையில் ஓய்வுபெற்றது. அதிலிருந்த தரவுத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்ற ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அதன் ஐபி முகவரியை மாற்றத்தான் மூன்று வாரங்கள் ஆயின. புதிய சர்வருக்கு ஏற்கெனவே ஒரு முகவரி உண்டு. "ஓர் எந்திரத்திற்கு ஒரு முகவரிதான்" என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. பழைய எண்ணோ மாணவர்களின் நிரல்களிலும், அளவீட்டுக் கருவிகளின் அமைப்புக் கோப்புகளிலும், படிப்பை முடித்துச் சென்றுவிட்டவர்களின் மடிக்கணினிகளிலும் பதிந்து கிடந்தது.

இந்த விதிக்குத் தொழில்நுட்பத்தில் ஆதாரம் இல்லை. பிணைய அட்டையோடு பிறப்பது மேக் முகவரி. ஐபி முகவரி இயங்குதளம் சூட்டுவது. லினக்ஸில் ஒற்றைக் கட்டளையால் இரண்டாவது முகவரியைச் சேர்க்கலாம். அந்த முகவரி யாருடையது என்று உள்பிணையத்தில் ஏ.ஆர்.பி. வழியே கேள்வி எழுந்தால், அதே அட்டையின் மேக் முகவரியே விடையாகச் செல்லும். புதிய கம்பி வேண்டாம், புதிய அட்டையும் வேண்டாம்.

இது குறுக்குவழியும் அன்று. எஸ்.என்.ஐ. நடைமுறைக்கு வரும்வரை, தனித்தனிச் சான்றிதழ் கொண்ட எச்டிடிபிஎஸ் தளங்களை ஒரே சர்வரில் வைத்திருந்தவர்கள் தளத்துக்கொரு முகவரி கொடுத்தே சமாளித்தார்கள். ஐபிவி6-இலோ ஓர் அட்டைக்குப் பல முகவரிகள் இருப்பதுதான் இயல்பு. உள்ளிணைப்புக்கு ஒன்று, வெளியுலகுக்கு ஒன்று, தனியுரிமைக்காக அவ்வப்போது மாறுவது இன்னொன்று.

முகவரிப் பஞ்சம் என்பார்கள். பொது ஐபிவி4 முகவரிகளைப் பொறுத்தவரை அது மெய். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. ஆனால் நாங்கள் கேட்டது வளாகத்துக்குள் புழங்கும் 10-இல் தொடங்கும் தனிப்பயன் முகவரி. அந்தத் தொகுதியில் மட்டும் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் உள்ளன. கடலோரத்தில் நின்றுகொண்டு உப்புக்குப் பங்கீட்டு அட்டை கேட்பானேன்?

ஆனால் மறுதரப்பு மிகைகளையும் நான் ஏற்கவில்லை. ஓர் அட்டையில் இரு முகவரிகள் இருப்பதால் இரு எந்திரங்கள் ஆகிவிடா. அட்டை பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். எல்லா முகவரிகளிலும் செவிசாய்க்கும்படி அமைத்த மென்பொருள், புதிதாகச் சேர்த்ததிலும் தானாகவே கதவைத் திறந்துவைக்கும். பாதுகாப்புக்காகப் பிரித்தோம் என்பவர்கள் இதை முதலில் சோதிக்கட்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவழியாக அனுமதி கிடைத்ததும், முகவரிகளின் வரிசையைச் சீராக்கலாமென்று, தொலைவிலிருந்தபடியே முதல் முகவரியை நீக்கினேன். ஒரே உள்பிணையத்தில் முதன்மை முகவரியை நீக்கினால் அதன் துணை முகவரிகளையும் சேர்த்தே நீக்குவது லினக்ஸின் இயல்பான அமைப்பு; துணையை முதன்மையாக உயர்த்தும்படி முன்னரே சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லிவைக்கவில்லை. பழைய முகவரியும் என் இணைப்பும் ஒருசேர அறுந்தன. நள்ளிரவில் காவலரை எழுப்பிச் சாவி வாங்க வேண்டியதாயிற்று.

இரண்டு எந்திரங்கள் ஒரே முகவரிக்கு உரிமை கோரிவிடும் என்ற கணினி மையங்களின் அச்சம் நியாயமானது. அந்தக் குழப்பத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து தடை அன்று, பதிவேடு. எந்த முகவரி, எந்தப் பணிக்கு, இன்று எந்த எந்திரத்தில், பொறுப்பாளர் யார்: விண்ணப்பப் படிவத்தில் இந்த நான்கு கட்டங்கள் போதும். இப்போதைய படிவத்தில் பணியின் பெயருக்கு இடமே இல்லை. எந்திரத்தின் நிறத்திற்கு இருக்கிறது.