ஆற்றில் விழும் சாக்கடைக்கு கணக்கு எங்கே?

நெல்லைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. வெளியூர் உறவுக்காரர் வந்தால் அல்வா வாங்கிக் கொடுப்போம். "இந்த ருசி வேற எங்கயும் வராது. எல்லாம் நம்ம ஆத்துத் தண்ணி மகிமை" என்று மார்தட்டிச் சொல்வோம்.

அந்த உறவுக்காரரை அப்படியே மீனாட்சிபுரம் பக்கம் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்!

குடிக்கத் தண்ணீர் எடுப்பதும் அதே ஆறு. சாக்கடை போய் விழுவதும் அதே ஆறு. இது எந்த ஊர் நியாயம்?

நீதிபதிகள் வந்தார்கள்

இது நாம் மட்டும் சொல்கிற புகார் அல்ல. தாமிரபரணியைச் சுத்தப்படுத்தக் கோரி எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு ஐகோர்ட்டு மதுரை கிளையில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2024-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.புகழேந்தி இருவரும் நெல்லைக்கே நேரில் வந்துவிட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கோர்ட்டுக்கு லீவு நாள். ஆற்றங்கரையில் சாக்கடை கலக்கும் இடங்களைப் பார்த்தார்கள். ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்தையும் பார்த்தார்கள்.

நம் ஊர் ஆறு எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க மதுரையில் இருந்து நீதிபதிகள் வரவேண்டி இருந்தது. தினமும் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற நமக்கும், அதிகாரிகளுக்கும் இது வெட்கம் அல்லவா?

குடத்துக்குள் என்ன?

பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் வரை ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோ மீட்டர். வழியில் 8 அணைக்கட்டுகள். சுத்தமல்லி அணையில் பிரியும் நெல்லை கால்வாய் டவுன் பக்கம் வருகிறது. பழவூர் அணையில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது. இரண்டும் வயலுக்குத் தண்ணீர் கொண்டு போக வெட்டியவை. ஊருக்குள் நுழைந்ததும் அது கால்வாயா, வாறுகாலா என்று தெரியாமல் போய்விடுகிறது.

வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பினால் வாறுகாலில் விடுகிறோம். வாறுகால் ஓடைக்குப் போகிறது. ஓடை ஆற்றுக்குப் போகிறது. ஆற்று மணலுக்குள் உறைகிணறு இருக்கிறது. அங்கிருந்து மோட்டார் போட்டு இறைத்து, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, குழாயில் விடுகிறார்கள். கடைசியில் வந்து சேரும் இடம் நம் வீட்டுக் குடம்!

குளோரின் போடுகிறார்கள். மறுக்கவில்லை. குளோரின் கிருமிக்கு மருந்து. சாக்கடைக்கே மருந்து ஆகுமா? ஆற்று மணல் தண்ணீரை வடிகட்டிக் கொடுத்தது. அந்த மணலையும் லாரி லாரியாக அள்ளினார்கள். 2010-ல் நல்லகண்ணு அய்யா கோர்ட்டுக்குப் போய் வாதாடித்தான் மணல் எடுக்கத் தடை வாங்க வேண்டி வந்தது.

நமக்குக் கீழே இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் எல்லாம் நமக்குக் கீழே. வல்லநாட்டில் எடுக்கும் தண்ணீரைத்தான் தூத்துக்குடி குடிக்கிறது. நாம் விட்டது அவர்களுக்குப் போகிறது. நமக்கு மேலே உள்ள ஊர்கள் விட்டது நமக்கு வருகிறது.

குழாய் இருந்தால் போதுமா?

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்தில் தாமிரபரணியும் சேர்ந்தது. பாதாள சாக்கடை முதல் கட்டம் வந்தது. ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். ஆனால் ஊரில் ஒரு பகுதிக்குத்தான் அது எட்டியது. மீதிப் பகுதிக்கு அடுத்த கட்டங்கள் என்று தெருத்தெருவாகத் தோண்டினார்கள்.

அந்தக் கதை உங்களுக்கே தெரியும். பஸ்சில் குலுங்கிக் குலுங்கி ஆபீஸ் போன குமாஸ்தாவுக்குத் தெரியும். கடை வாசலில் மாதக்கணக்கில் பள்ளம் கிடந்த வியாபாரிக்குத் தெரியும். வெயில் காலத்தில் புழுதி தின்றோம். மழை காலத்தில் சகதியில் வழுக்கி விழுந்தோம். நல்ல காரியம் நடக்கிறது என்று பொறுத்துக்கொண்டோம்.

ரோட்டுக்குக் கீழே குழாய் பதித்ததோடு வேலை முடியவில்லை. வீட்டுக்கு இணைப்பு கொடுக்க வேண்டும். நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட வேண்டும். கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் சாக்கடை பழைய வழியில்தான் போகும். "மூடி போட்டு ரோடும் போட்டாச்சு அண்ணாச்சி. எங்க வீட்டுத் தண்ணி மட்டும் இன்னும் வாறுகால்லதான் போவுது" என்று ஒருவர் சொன்னால், அந்தத் தெருவுக்கு பாதாள சாக்கடை வரவில்லை என்றுதான் அர்த்தம்.

ஜங்ஷன் பஸ் நிலையத்தை 2018-ல் இடித்தார்கள். 2024-ல்தான் திறந்தார்கள். கண் முன்னால் தெரிகிற கட்டிடத்துக்கே இவ்வளவு காலம் என்றால், பூமிக்கு அடியில் கிடக்கிற குழாயை யார் கேட்பது?

லண்டனும் நாறியது

1858-ம் ஆண்டு கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறியது. ஊர்ச் சாக்கடை முழுவதும் அதில்தான் விழுந்தது. பார்லிமெண்டு கட்டிடம் ஆற்றங்கரையில். நாற்றம் தாங்காமல் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். எம்.பி.க்களின் மூக்கில் ஏறிய பிறகு சட்டம் பறந்து வந்தது. பசால்ஜெட் என்ற என்ஜினீயர் ஊர் முழுக்கப் பெரிய சாக்கடைக் குழாய்கள் கட்டினார். தேம்ஸ் பிழைத்தது.

நம் கலெக்டர் ஆபீசும் கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறே அந்த ஆபீசுக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது!

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் நாம் கேட்கவில்லை. மூன்றே மூன்று காரியம்தான்.

ஒன்று: ஆற்றிலும் கால்வாயிலும் சாக்கடை விழும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பலகை வையுங்கள். இது எந்த வார்டு தண்ணீர், எந்தத் தேதிக்குள் அடைக்கப்படும், பொறுப்பு எந்த அதிகாரி என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். தேதி தவறினால் ஏன் தவறியது என்றும் அதிலேயே எழுதுங்கள்.

இரண்டு: ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வீடு, எத்தனை இணைப்பு என்ற கணக்கை மாதம் ஒரு முறை மண்டல ஆபீசில் ஒட்டுங்கள்.

மூன்று: ஏழை வீடுகளுக்கு இணைப்புப் பணத்தைத் தவணையில் வாங்குங்கள். மொத்தமாகக் கேட்டால் கூலிக்காரர் எங்கே போவார்?

நம் பங்கு

1866-ல் நெல்லையும் பாளையும் முனிசிபாலிட்டி ஆயின. 1994-ல் மேலப்பாளையம், தச்சநல்லூரும் சேர்ந்து மாநகராட்சி ஆனது. 2016 கடைசியில் இருந்து 2022 தொடக்கம் வரை கவுன்சிலர்களே இல்லை. தனி அதிகாரி ஆட்சிதான். கேட்க ஆள் இல்லை என்று அப்போது சொன்னோம். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. 55 வார்டுக்கும் ஆள் வந்தார்கள். அதே ஆண்டில் வார்டு குழு, பகுதி சபா விதிகளும் வந்தன. கிராமத்தில் கிராமசபை மாதிரி, நகரத்தில் பகுதி சபா. அந்தப் பகுதி ஓட்டர் யாரும் போய்க் கேட்கலாம்.

போனோமா? "கடையை யார் பாக்கது?" என்று இருந்துவிட்டோம்.

ஒரு மணி நேரம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் தெரு இணைப்புக் கணக்கைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் தெருவில் குழாய் இருந்து, உங்கள் வீடு இணைப்பு வாங்காமல் இருந்தால், முதலில் அதை வாங்குங்கள். ஓட்டல் கழிவை இருட்டிய பிறகு கால்வாயில் கொட்டுகிறவர்களுக்கும் இதே வார்த்தைதான்.

1843-ல் கொக்கிரகுளம் ஆற்றுப் பாலம் கட்டப்பட்டது. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். ஜனங்கள் ஆற்றைக் கடக்கப் படும் பாட்டைப் பார்த்து அவர் மனம் பொறுக்கவில்லை. இன்றைக்கும் நாம் அந்தப் பாலத்தில்தான் போய் வருகிறோம்.

நம்மிடம் யாரும் பாலம் கட்டப் பணம் கேட்கவில்லை. பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீருக்குக் கணக்குக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

மாநகராட்சி பலகை வைக்குமா?