“வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?”

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் இந்தத் திட்டத்தில் வீடு தேடி வருகின்றன. அதே வீட்டுக்கு முழங்கால் வலி மாத்திரை மட்டும் வேறு வழியில் வருகிறது: தெருமுனை மெடிக்கலிலிருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல். அங்கே கொடுத்தது இங்கே தெரியாது, இங்கே கொடுத்தது அங்கே தெரியாது. இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது நோயாளியின் வயிற்றில்தான்.

“தம்பி, முட்டி வலி தாங்கல, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடு” என்கிறார் பாட்டி. கடைப் பையன் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிறான். “சாப்பிட்டுட்டுப் போடுங்க பாட்டி” என்பதோடு ஆலோசனை முடிந்தது. மருந்தின் பெயரில் பாதியும் காலாவதித் தேதியும் கடையில் மிஞ்சிய துண்டில் தங்கிவிடுகின்றன. சில நாள் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், “மஞ்சக் கலர் மாத்திரைங்க” என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது.

அந்த மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அதன் உறவுக்கார மருந்தாக இருக்கும். டைக்ளோஃபினாக் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய ‘எச்’ அட்டவணை மருந்து. கேட்டவுடன் கிடைப்பதாலேயே அது சாதுவான மருந்தாகிவிடாது.

சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுக்குள் ஒரு குழாய் நுழைகிறது, இன்னொன்று வெளியேறுகிறது. உள்ளே நுழையும் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அதன் உற்பத்தியையே தடுக்கிறது, குழாய் சுருங்குகிறது. டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகள் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. கூடவே நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் இருந்தால் உடலில் ஓடும் நீரே குறைகிறது. மூன்றும் சேரும்போது வடிகட்டுவதற்கான அழுத்தம் சரிகிறது. சித்திரை வெயிலில் வேலை செய்தவருக்கோ, வயிற்றுப்போக்கில் துவண்டவருக்கோ இது சில நாட்களிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சாதாரண நாளில்கூட வலி மாத்திரை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும். மருந்து தவறாமல் சாப்பிட்டும் பி.பி. இறங்கவில்லை என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது முழங்கால் வலியைப் பற்றித்தான்.

“அதான் கேஸ் மாத்திரையும் சேர்த்துப் போடறோமே” என்ற தைரியம் ஊர் முழுக்க இருக்கிறது. பேன்டோபிரசோல் வயிற்றுப் புண்ணுக்கான வாய்ப்பைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அது எந்தக் காவலும் தராது.

மாரடைப்பு வந்தவர்கள் தினமும் போடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினின் கதை இன்னும் நுட்பமானது. ரத்தத் தட்டணுவிலுள்ள ஒரு நொதியில் போய் ஆஸ்பிரின் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தட்டணு வாழும் ஏழு முதல் பத்து நாட்கள் வரை அதனால் உறைகட்டியை உருவாக்க முடியாது. இபுபுரூஃபனை முதலில் போட்டுவிட்டால், பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்பதுபோல அது அந்த இடத்தைச் சில மணி நேரம் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் ஆஸ்பிரின் உட்கார இடமின்றி ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். சாதாரண ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழித்து, அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரம் முன்பாக இபுபுரூஃபன் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-லேயே எச்சரித்தது. இதய நோயாளி தானாக இபுபுரூஃபன் வாங்கிப் போடாமலே இருப்பது அதைவிட நல்லது. அதற்காக ஆஸ்பிரினைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது.

அப்படியென்றால் பாராசிட்டமால்? பெரும்பாலானோருக்கு அதுதான் பாதுகாப்பான முதல் தேர்வு, கணக்கு தப்பாதவரை. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மூன்று வேளை, சளிக்கென்று வாங்கிய கூட்டு மாத்திரையில் 500 மூன்று வேளை, மூட்டு வலிக்கான அசிக்ளோஃபினாக் கலவையில் 325 இரண்டு வேளை. கூட்டினால் 4,100. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4,000 மில்லிகிராம். மெலிந்தவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு. மூன்று மாத்திரைக்கும் மூன்று பெயர் இருப்பதால், மூன்றிலும் ஒரே மருந்து இருப்பது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

வால்வு அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ எடுப்பவருக்கு வலி மாத்திரையால் உள் ரத்தக்கசிவே ஏற்படலாம். லித்தியம், மெத்தோட்ரெக்சேட் எடுப்போருக்கு அந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஆபத்தாக உயரக்கூடும். டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரையைத் தொடவே கூடாது.

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. 2015-ம் ஆண்டின் மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே வைத்துள்ளன. “வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்க அரை நிமிடம் போதும். அட்டையை நறுக்கியே ஆக வேண்டுமென்றால் மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் உறையின் மேல் எழுதித் தர வேண்டும். இந்தக் குறைந்தபட்ச நடைமுறையைக்கூட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வற்புறுத்தாமல் இருப்பதற்கு நியாயமே இல்லை.

அரசுக்கு இன்னொரு வழியும் கையிலேயே இருக்கிறது. பி.பி. மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், வலி மாத்திரை பற்றியும் கேட்டுக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சேர்க்கலாம். மருத்துவர் பார்த்து, மாத்திரைக்குப் பதில் டைக்ளோஃபினாக் களிம்பைத் தரக்கூடும். அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் மருந்து மிகக் குறைவு. இயன்முறை சிகிச்சையும் இதே திட்டத்தின் ஓர் அங்கம்தான். மாதக்கணக்கில் வலி மாத்திரையைத் தானே வாங்கிப் போடும் பாட்டியின் பெயர் இயன்முறை சிகிச்சையாளரின் பட்டியலிலும் ஏற வேண்டும்.