எலும்பு கூடும்வரை கூலி!

மழை நாளில் நுவரெலியா மலைச் சரிவிலே கொழுந்துக் கூடையோடு இறங்கும் பெண் வழுக்கி விழுகிறாள், காலெலும்பு முறிகிறது. ‘தலைவிதி’ என்று சொல்லி ஒதுங்குவோர் உண்டு. நாம் ஒதுங்க முடியாது.

முறிந்த எலும்பு கூடும். அதற்கு நாள் வேண்டும். மணிக்கட்டுக்கு 6 வாரம் என்றால், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு 3 மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். முட்டை, பால், மீன், பருப்பு வேண்டும். கட்டு அவிழ்த்தபின் இறுகிப்போன மூட்டுகளை நாள்தோறும் அசைத்துப் பழக்க வேண்டும்.

நாட்கூலிப் பெண்ணுக்கோ வேலைக்குப் போகாத நாள் பேர் இல்லாத நாள். படுத்திருந்தால் அடுப்பெரியாது, அடுப்பெரிய வேண்டுமானால் ஆறாத காலோடு மலையேற வேண்டும். அந்தக் கால் கோணிப்போனால் குற்றம் யாருடையது?

வேலையில் நேரும் காயத்துக்கு நட்டஈடு உண்டென இலங்கையில் 1934ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. எவர் கைக்கு மாறினாலும் நட்டஈடு பிச்சையன்று, உரிமை.

ஆசிரியர்களே, மாணவர்களே! லயங்களுக்குச் செல்வோம். விபத்து நடந்த இடத்தையும் நேரத்தையும் சாட்சியையும் அன்றே எழுதிவைப்போம். மருத்துவச் சீட்டைப் பாதுகாக்கச் சொல்வோம். விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். எலும்பு கூடும் நாள்வரை முழுக் கூலி வேண்டும் என்று உரக்கக் கேட்போம்!