படிப்பும் பிழைப்பும்: மனித உரிமையில் முதுகலை... போடி மலையடிவாரத்துப் பிள்ளைக்கு என்ன லாபம்?

டிகிரி முடித்த பிள்ளை, "மனித உரிமையில எம்.ஏ பண்ணப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" அடுத்த கேள்வி, "போலீஸ், கோர்ட்டுன்னு ஊர் வம்பை விலைக்கு வாங்கணுமா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். பி.எட் படித்தால் ஆசிரியர், நர்ஸிங் படித்தால் நர்ஸ் என்பதுபோல, இந்தப் படிப்புக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் கனம் அதிகம். ஏலக்காய்க்குப் பேர்போன ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கே இருக்கிறது. மற்றொன்று மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டம் புற்றடியில். விடியும் முன்பே தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய வீடு திரும்பும் பெண்கள் இங்கே ஏராளம். வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். ரேஷன் கார்டும் ஓட்டும் கீழே, கூலி மேலே. அடிபட்டால் அதுவும் பெரும்பாலும் மேலேதான்.

அப்படியொரு வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வரும் பிள்ளை, இன்னும் இரண்டு வருஷமும் கையிலிருக்கும் காசும் செலவழித்து இதைப் படிக்கலாமா?

எந்தக் கதவைத் தட்டுவது?

மனித உரிமைப் படிப்பு என்றதும் ஐக்கிய நாடுகள் சபை, ஜெனீவா என்றுதான் பலருக்கும் நினைவு போகும். 1948 டிசம்பர் 10-ல் ஐ.நா ஏற்றுக்கொண்ட 30 பிரிவுகள் கொண்ட உலகப் பிரகடனம்தான் பாடத்தின் தொடக்கம். 'எல்லா ஆண்களும்' என்று பொருள் தரக்கூடிய வாசகத்தை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்ஸா மேத்தா என்பதும் பாடத்தில் வரும்.

ஆனால், படிப்பு வேலைக்கு உதவுவது வேறொரு இடத்தில். எந்தப் பிரச்னைக்கு எந்த அலுவலகம், எந்தச் சட்டம், எத்தனை நாளுக்குள் என்பதைப் பிரித்துப் பார்க்கக் கற்பதில். போடியையே எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் கூலியைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். "மனித உரிமை ஆணையத்துக்கு எழுதிப் போடுவோம்" என்பார்கள். 1993-ம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆணையம் விசாரிப்பது அரசு ஊழியர் செய்த உரிமை மீறலை, அல்லது மீறலைத் தடுக்காமல் அவர் காட்டிய அலட்சியத்தை. தனியார் முதலாளி கொடுக்க வேண்டிய கூலி பாக்கிக்கு முதல் கதவு தொழிலாளர் துறை. அதுவும் தமிழகத் துறை அல்ல. வேலை நடப்பது கேரளத்தில் என்பதால், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பதும் புகாரை விசாரிப்பதும் அங்குள்ள அரசு. தேனி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் மாதங்கள்தான் ஓடும்.

ஜீப் கவிழ்ந்து அடிபட்டால் கணக்கே வேறு. மோட்டார் வாகனச் சட்டப்படி இழப்பீடு கேட்கும் மனுவை, விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் போடலாம். கட்டுப்போட்ட காலோடு மலையேறி இடுக்கிக்கு அலையத் தேவையில்லை. இது தெரியாததாலேயே கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கும் நிலை வரக் கூடாது.

வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால், 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் அடித்தார்கள், புகாரை வாங்க மறுத்தார்கள் என்றால், அது ஆணையத்தின் வேலை. கட்டணம் கிடையாது, தேசிய ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். ஆனால், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும். ஆணையத்தின் பரிந்துரையை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

சட்டத்தின் எல்லைக்கோட்டையும் பார்க்க வேண்டும். 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஏலக்காய்த் தோட்டமும் உண்டு. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதில் பேசப்பட்டன. ஆனால், அது 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேராவது வேலை செய்யும் தோட்டங்களுக்கே பொருந்தியது. சிறு தோட்டத்தில் காய் எடுத்தவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-ல் இயற்றப்பட்ட புதிய தொழிலாளர் தொகுப்பு வந்திருக்கிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று வரி வரியாகப் படித்துத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பு.

என்ன படிக்கலாம், எங்கே?

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எந்த டிகிரி முடித்தவரும் சேரக்கூடிய எம்.ஏ. டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தில் 'மனித உரிமைகளும் கடமைகளும்' என்ற தலைப்பில் முதுகலை இருக்கிறது.

இரண்டாவது, சட்டம் படித்துவிட்டு எல்.எல்.எம். சென்னை, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.எம் பிரிவுகளில் மனித உரிமையும் ஒன்று. இதற்கு முதலில் சட்டப் பட்டம் வேண்டும். தேனியிலேயே 2019 முதல் அரசு சட்டக் கல்லூரி நடக்கிறது. டிகிரி முடித்தவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பை வீட்டிலிருந்து போய்வந்தே முடிக்கலாம் என்பது போடிப் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி.

மூன்றாவது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, தொலைநிலையில் மனித உரிமைச் சட்டத்துக்கான முதுகலை டிப்ளமோ நடத்துகிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. இந்தத் துறை தனக்குச் சரிவருமா என்று தெரியாதவர், இரண்டு வருஷத்தை ஒதுக்கும் முன் சான்றிதழ்ப் படிப்பில் தொடங்குவது நல்லது. தேசிய மனித உரிமை ஆணையம் மாணவர்களுக்கு நேரடியாகவும் இணையவழியிலும் குறுகிய காலப் பயிற்சி தருகிறது. அதையும் முயற்சி செய்து பார்க்கலாம்.

வெளிநாட்டுக் கனவு இருந்தால், பிரிட்டனின் எஸெக்ஸ் பல்கலைக்கழகம், தாய்லாந்தின் மஹிதோல் பல்கலைக்கழகம் இரண்டும் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் தேவை. அதனால் டிகிரி முடித்த கையோடு அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

வேலை உண்மையில் எங்கே இருக்கிறது?

நேரடியாகச் சொன்னால், எம்.ஏ மனித உரிமை என்ற ஒற்றைச் சான்றிதழை மட்டும் காட்டி அரசு வேலை வாங்குவது கடினம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் போன்ற இடங்களில் பெரும்பாலும் சட்டமோ சமூகப் பணியோ படித்தவர்களைத்தான் கேட்கிறார்கள். பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில் இருக்கும். எனவே, சட்டம் அல்லது சமூகப் பணி அடிப்படை, அதன்மேல் மனித உரிமை என்ற வரிசை பாதுகாப்பானது.

ஆசிரியப் பணி விரும்புபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: யு.ஜி.சி நெட் தேர்வில் 'மனித உரிமைகளும் கடமைகளும்' தனிப் பாடமாகவே இருக்கிறது. தேர்ச்சி பெற்றால் ஆராய்ச்சி உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் என்ற வழி திறக்கும். ஆனால், இந்தப் பாடத்துக்கென்றே துறை வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு.

தொண்டு நிறுவனங்கள் மூன்றாவது வாய்ப்பு. மதுரையில் 1995-ல் ஹென்றி திபேன் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம், காவல் வன்முறை வழக்குகளில் உண்மையறியும் பணிக்குப் பெயர் பெற்றது. அதன் மனித உரிமைக் கல்வி நிறுவனம் 1997 முதல் பள்ளி மாணவர்களுக்கே இந்தப் பாடத்தைக் கொண்டுபோனது. இதுபோன்ற இடங்களில் தொழில் கற்கலாம். ஆனால், சம்பளம் திட்ட நிதியைச் சார்ந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம், பெரிய அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தடை செய்தது. அதன் அடி கிராமத்து அமைப்புகள் மேல்தான் விழுந்தது.

பலரும் கவனிக்காத வாய்ப்பு, கம்பெனிகள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், தொழிலாளர் நலனும் மனித உரிமையும் அடங்கிய பொறுப்பு அறிக்கையை ஆண்டுதோறும் தர வேண்டும் என்று 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அறிக்கையைத் தயாரிக்கவும், சரிபார்க்கவும் ஆட்கள் தேவை. ஏலக்காய், தேயிலை போன்ற பொருள்கள் யார் கையால் எப்படி வருகின்றன என்று தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு உண்டு.

மூணாறு கற்றுக்கொடுத்தது

போடிமெட்டைத் தாண்டிப் போனால் மூணாறு. 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் பெண்கள். அன்றைக்கு அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். போனஸைக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். சங்கத் தலைவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தாங்களே 'பெண்பிள்ளை ஒருமை' என்று திரண்டார்கள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு 20 சதவிகிதம் கிடைத்தது. கூலி அடுத்த சில வாரங்களில் 301 ரூபாயானது.

அந்தப் பெண்கள் மனித உரிமைப் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். உரிமை கேட்கப் பட்டம் தேவையில்லை. பட்டம் உதவுவது அதற்குப் பிந்தைய வேலையில். ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்க, கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று ஆண்டாண்டாகத் தொடர, ஆவணங்களைச் சேர்த்துவைக்க.

அந்தத் தொடர்வேலை எவ்வளவு நீளும் என்பதற்குத் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூனில் வன்கொடுமை நடந்தது. 2011-ல் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களையும் குற்றவாளிகள் என நீதிமன்றம் அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். 31 ஆண்டுகள். இந்தத் துறைக்கு வர நினைப்பவர் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

போடிப் பிள்ளையிடம் ஏற்கெனவே ஒரு முதல் இருக்கிறது. தமிழோடு கொஞ்சம் மலையாளம் புரியும். கணக்குப்பிள்ளை யார், கங்காணி யார், முன்பணம் எப்படிக் கடனாகிறது, மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை இருக்காது என்பதெல்லாம் தெரியும். பெருநகரத்து மாணவர் கள ஆய்வு செய்து கண்டுபிடிக்க வேண்டியதை, இவர் சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டே அறிந்திருப்பார். குறைவது ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பயிற்சி. அதைக் கல்லூரியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

பணம் கட்டும் முன் கல்லூரியிடம் சில கேள்விகள் கேட்கலாம். களப்பயிற்சி எத்தனை வாரம், எந்த அமைப்பில்? போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இரண்டு பேருடைய போன் நம்பர் தர முடியுமா? நெட் தேர்வுக்குத் தயார் செய்கிறார்களா? இந்த ஆண்டு சேர்க்கை நடக்கிறதா என்பதைப் பல்கலைக்கழக இணையதளத்திலும் சரிபார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், செலவே இல்லாமல் ஒரு காரியம் செய்யலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100. ஆறு மாதம் அங்கே மனு எழுதிக் கொடுத்துப் பார்த்தால், இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடித்திருந்தால் விண்ணப்பத்தை நிரப்பலாம். பிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை, தெருவில் ஒருவருக்காவது எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சரியாக வழி சொல்லத் தெரிந்திருக்கும்.