சைரன் ஊதினா மட்டும் போதுமா?

அணுமின் நிலையம், அவசர கால ஒத்திகை என்று செய்தி வந்தால், 'அதெல்லாம் ஆபீசருங்க சமாச்சாரம், நமக்கென்ன?' என்று அடுத்த பக்கத்துக்குப் போய் விடுகிறோம். ஆனால், நிஜமாகவே ஒரு விபத்து என்றால் கதவு, ஜன்னலைச் சாத்துவதும், குடத்துத் தண்ணீரையும் சோற்றுப் பானையையும் மூடி வைப்பதும், ஸ்கூலுக்குப் போன பிள்ளையை நினைத்துத் தவிப்பதும் யாரு? வீட்டில் இருக்கும் நாம தானே! அதனால், இரண்டு நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்க.

முதலில் கனடா. 2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 7:23 மணி. ஒன்டாரியோ மாகாணம் முழுக்க மொபைல் போன்கள் ஒரே நேரத்தில் அலறின. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஏதோ சம்பவமாம்! படுக்கையிலிருந்து எழுந்த ஜனங்களுக்கு ஓடுவதா, இருப்பதா என்று புரியவில்லை. கடைசியில் பார்த்தால், அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. எச்சரிக்கை அனுப்பும் பிரிவில் இருந்த ஊழியர், பயிற்சிக்கான கம்ப்யூட்டர் திட்டம் என்று நினைத்துக் கொண்டு, நிஜத் திட்டத்தில் பட்டனைத் தட்டி விட்டார்.

தப்பு மனுஷருக்கு சகஜம். ஆனால், தப்பு என்று சீக்கிரமே தெரிந்தும், 'பயப்படாதீங்க' என்ற மறு அறிவிப்பு எல்லா போனுக்கும் போய்ச் சேர, 1 மணி 48 நிமிஷம் ஆனது! தப்பாகப் போன சேதியை எப்படித் திரும்பப் பெறுவது, யார் உத்தரவு தருவது என்பதில் அங்கிருந்தவர்களுக்கே தெளிவில்லை. மாதம் 100, 200 பேர் மட்டும் கேட்டு வாங்கும் அயோடின் மாத்திரைக்கு, அடுத்த இரண்டே நாளில் 32 ஆயிரத்துக்கும் மேல் ஆர்டர் குவிந்தது. பீதி எவ்வளவு என்று பாருங்க.

அடுத்தது ஜப்பான். புகுஷிமாவில் வருஷா வருஷம் ஒத்திகை நடத்திக் கொண்டு தான் இருந்தார்கள். சின்ன விபத்து, சீக்கிரம் சரியாகி விடும் என்ற கணக்கில் நடந்த ஒத்திகை அது. 2011 மார்ச் 11ல் பூகம்பமும் சுனாமியும் சேர்ந்து வந்ததும் எல்லாம் தலைகீழ். உலையிலிருந்து 5 கி.மீ., தூரத்தில் இருந்த அவசர கால மையத்தில் கரன்டும் இல்லை, போனும் இல்லை. அன்று இரவு 9:23க்கு, 3 கி.மீ., சுற்றளவில் இருப்பவர்கள் வெளியேற உத்தரவு வந்தது. அந்த நேரத்தில், உலை இருக்கும் ஊர்களிலேயே 5ல் ஒருவருக்குத் தான் விபத்து நடந்ததே தெரியும் என்று, அந்நாட்டு பார்லிமென்ட் அமைத்த விசாரணைக் குழு 2012ல் சொன்னது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கதிர்வீச்சு எந்தத் திசையில் பரவும் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் வசதி அரசிடம் இருந்தது. அந்தக் கணிப்பை ஊர்க்காரர்களுக்குச் சொல்லவில்லை. நமியே ஊர் மக்கள், பாதுகாப்பு என்று நம்பி சுஷிமா பகுதிக்குப் போனார்கள். காற்றும் அந்தப் பக்கம் தான் போனது! குழந்தை குட்டிகளோடு நாள் கணக்கில் அங்கேயே தங்கியிருந்தார்கள். பெற்ற வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும்!

நம்ம ஊருக்கு வருவோம். கூடங்குளமும் கல்பாக்கமும் இருக்கும் மாநிலம் இது. உலையைச் சுற்றி 16 கி.மீ.,க்கு அவசரத் திட்டம் உண்டு. கலெக்டர் தான் பொறுப்பு. 2012 ஜூனில் நக்கனேரியில் ஒத்திகை நடந்தபோது, கண்துடைப்பு என்றனர் போராட்டக் குழுவினர். முறைப்படி நடந்தது என்றனர் அதிகாரிகள். 2013 மே மாதம், உலைக்கு அனுமதி தந்த சுப்ரீம் கோர்ட்டும், குறித்த காலத்தில் ஒத்திகை நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது.

எத்தனை ஜீப், எத்தனை ஆம்புலன்ஸ் வந்தது என்பது மட்டும் ஒத்திகைக்கு மார்க் ஆகாது. திண்ணையில் பீடி சுற்றும் அக்காவுக்கும், மீன் கூடையோடு சந்தைக்குப் போன அம்மாவுக்கும் சேதி போய்ச் சேர்ந்ததா, புரிந்ததா? ஒத்திகை முடிந்த மறுநாள், ஊருக்கு 20 வீட்டுக் கதவைத் தட்டி, 'சைரன் கேட்டுச்சா? கேட்டதும் என்ன செய்யணும்னு தெரியுமா?' என்று விசாரித்தாலே உண்மை தெரிந்து விடும். ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், மகளிர் குழு கூட்டம் என, நாம் போகிற இடத்தில் பேச்சுத் தமிழில் எழுதி ஒட்டலாமே! போன் வேலை செய்யாவிட்டால் யார் வந்து சொல்வார்கள், தப்பான சேதி போனால் எத்தனை நிமிஷத்தில் திருத்துவார்கள் என்பதையும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

நாமும் சிலதைத் தெரிந்து வைப்போம். வீட்டுக்குள் இருக்கச் சொன்னால், வெளியே ஓடாமல் கதவு, ஜன்னலை அடைத்து உள்ளேயே இருக்கணும். திறந்து கிடந்த தண்ணீர், அன்று கறந்த பால், தோட்டத்துக் கீரை எதையும், சரி என்று அறிவிப்பு வரும் வரை தொடக் கூடாது. அயோடின் மாத்திரையை, சொல்லும்போது, சொல்லும் அளவில் மட்டும் போடணும். அயோடின் உப்பை அள்ளித் தின்றால் பலன் கிடையாது. 2011ல் சீனாவில் அப்படி நம்பித் தான் கடை கடையாக உப்பை வாங்கிக் குவித்தார்கள்.

உலை வேண்டுமா, வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து மாறலாம். ஆனால், ஆபத்து வந்தால் சேதி முதலில் நம்ம அடுப்படிக்கு வர வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியுமா? அடுத்த முறை உங்க ஊரில் கிராம சபை கூடினால், 'எங்களுக்கு யார், எப்படிச் சொல்வீங்க?' என்று எழுந்து கேளுங்க சகோதரிகளே!

– ஒரு இல்லத்தரசி, வள்ளியூர்.