நூலக வரியும் குன்னத்து வாசகரும்

உ.வே.சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ்ப் பாடம் கேட்டவர். பின்னாளில் ஊர் ஊராக ஏடு தேடி அவர் பதிப்பித்த நூல்களை இன்று இணையத்தில் காசின்றி வாசிக்கலாம். அதே குன்னத்து மாணவி அவற்றை வாசிக்க எங்கே போவாள்?

‘எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறதே, நூலகத்தில் இலவச இணையம் எதற்கு?’ என்கிறார்கள். பழைய பதிப்பின் அடிக்குறிப்பை உள்ளங்கையளவுத் திரையில் படிக்க முயன்றவர் இப்படிக் கேட்கமாட்டார்.

‘நிதியில்லை’ என்பது அடுத்த பதில். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் செலுத்துகிறோம். ஆகவே நாம் கேட்பது இலவசமன்று. முன்பணம் கட்டிய உரிமை.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அந்தந்த மாவட்டத்து வரி அந்தந்த மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கே போகிறது. கட்டடம் பெருகிய மாநகரங்களில் நூலக வரியும் பெருகும். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூரிலும், 2007இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூரிலும் மாநகராட்சி ஒன்றுகூட இல்லை. வரி குறைந்த மாவட்டத்தில் வாசிப்பும் குறையட்டும் என்பதா நம் கொள்கை?

சென்னையிலும் மதுரையிலும் மாளிகை நூலகங்கள் எழுந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. சிற்றூர் நூலகங்கள் மாளிகை கேட்கவில்லை. ஒரு கணினி, ஓர் இணைப்பு, மாதந்தோறும் அதற்கான கட்டணம்: இக்குறையை மாநில நிதி ஈடுசெய்யட்டும். அது சலுகையன்று, கடன்.